ஸ்கிர் வீசிய ஏப்ரலும் பந்து வீசிய ஜூனும்

20.01.2017

அன்பு நண்பா,

மூன்றேகால் லட்சம் பேர் இருக்கிற நாட்டில் ஓர் ஆண்டில் எழுதும்படி என்ன நடந்துவிடும் என்று கேட்டிருந்தாய். ஐஸ்லாந்தின் 2016ஐப் பொறுத்தவரை எதை விடுவது என்பதுதான் சிக்கல். பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'குட்டி நாட்டின் அதிசயம்' என்று முடித்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன நாட்டில் ஒருவரைக் கவிழ்க்க இரண்டு நாள் போதும். கவிழ்ந்த பிறகு ஏதாவது மாறியதா என்பது வேறு கணக்கு.

முன்குறிப்பு ஒன்று: நம் இனிஷியல் போலத்தான் அங்கேயும். அப்பா பெயரோடு 'சன்' அல்லது 'டோத்திர்' சேர்த்தால் ஆயிற்று. குடும்பப் பெயர் மிகச் சிலருக்கே உண்டு. பிரதமரையும் முதல் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு என்று எண்ணாதே.

ஏப்ரல் 3 அன்று பனாமா ஆவணங்கள், அதாவது யார் யார் வெளிநாட்டில் ரகசிய நிறுவனம் வைத்திருக்கிறார்கள் என்று காட்டிய கசிவுகள், வெளியாயின. பிரதமர் சிக்முண்டுர் டாவித் குன்லாக்சனும் அவர் மனைவியும் 2007இல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் 'வின்ட்ரிஸ்' என்ற நிறுவனத்தை வாங்கியிருந்தார்கள். 2009 டிசம்பர் 31 அன்று தன் பாதிப் பங்கை மனைவிக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டார். மறுநாள் முதல் இத்தகைய பங்குகளை எம்.பி.க்கள் அறிவிக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வர இருந்தது. மக்களைக் கொதிக்க வைத்தது வரி விவகாரம் மட்டுமல்ல. 2008 நிதி நெருக்கடியில் விழுந்த ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளிடமும் வின்ட்ரிஸுக்குச் சுமார் 50 கோடி குரோனா (அவர்கள் நாணயம்) வரவேண்டியிருந்தது. அந்த வங்கிகளுக்குக் கடன் கொடுத்தவர்களோடு பேரம் பேசியதோ சிக்முண்டுரின் அரசு. அதாவது மேசையின் இரண்டு பக்கமும் ஒரே வீடு.

மறுநாள் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள ஆஸ்துர்வோல்லுர் சதுக்கத்தில் 22,000 பேர் கூடியதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். அந்தக் கணக்குச் சரியென்றால் நாட்டில் பதினைந்தில் ஒருவர். முட்டையும் வாழைப்பழமும் ஸ்கிரும் பறந்தன. ஸ்கிர் என்பது கெட்டித் தயிர் மாதிரி. சுவரில் நன்றாக ஒட்டும். ஏப்ரல் 5 அன்று சிக்முண்டுர் விலகினார். ஆனால் கூட்டணி அப்படியே நின்றது. அதே கட்சியின் சிகுர்துர் இங்கி, தொழிலால் கால்நடை மருத்துவர், 7ஆம் தேதி பதவியேற்றார். ஜனங்களுக்குக் கிடைத்தது, அடுத்த வசந்தத்தில் வரவேண்டிய தேர்தல் இலையுதிர் காலத்துக்கு முன்னே வந்தது மட்டும்.

நடுவில் அதிபர் தேர்தல். 1996 முதல் அதிபராக இருந்த ஓலாஃபுர் ராக்னர் புத்தாண்டு உரையில் 'இனி நிற்கமாட்டேன்' என்றார். ஏப்ரலில் 'நிற்கிறேன்' என்றார். மே மாதம் மறுபடி விலகினார். ஜூன் 25 அன்று வரலாற்றுப் பேராசிரியர் குத்னி யோஹன்னசன் 39.1 சதவீதத்தில் வென்றார். ஹாலா தோமஸ்டோத்திர் 27.9. முன்னாள் பிரதமரும் வங்கிகள் விழுந்தபோது மத்திய வங்கியில் இருந்தவருமான டாவித் ஒட்சனுக்கு 13.7தான், எழுத்தாளர் ஆந்திரி ஸ்நைர் கூட அவரை முந்திவிட்டார். இரண்டாம் சுற்று கிடையாது, முதலில் வருபவர் அதிபர். பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றவரே அதிபராகலாம் என்பது இந்த முறையின் ஓட்டை. பதவிக்கு அதிகாரம் குறைவு என்பதால் யாரும் அடைக்க அவசரப்படவில்லை.

இனி கால்பந்து. 'அதிசயம்' என்ற சொல் எனக்கு அதிகம் உறுத்துவது இங்கேதான். குளிர்காலத்தில் அங்கே புல்தரை உதவாது. கெஃப்லாவிக் அருகே 2000இல் முதல் முழு அளவு உள்ளரங்க மைதானம் எழுந்தது; மற்ற ஊராட்சிகளும் தொடர்ந்து கட்டின. பள்ளிக்கூடங்களின் பக்கத்தில் செயற்கைப் புல் போட்ட சிறு மைதானங்கள் வந்தன. பயிற்சியாளர்கள் பக்கமும் அதே உழைப்பு: ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் 'பி' பயிற்சியாளர் உரிமம் உள்ளவர்கள் ஏறத்தாழ 600 பேர். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பந்து உதைக்கச் சொல்லித் தருபவரும் சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற ஆள். அப்பாமார்கள் விசில் ஊதும் வழக்கம் அங்கே இல்லை. 2000இல் பத்து வயதாக இருந்தவனுக்கு 2016இல் இருபத்தாறு; கணக்கு அவ்வளவுதான்.

பிரான்சில் நடந்த யூரோ கோப்பைப் போட்டியில் போர்ச்சுகலுடன் 1-1, ஹங்கேரியுடன் 1-1, ஆஸ்திரியாவை 2-1. பிறகு ஜூன் 27, நீஸ் நகரில் இங்கிலாந்து. நாலாவது நிமிடத்தில் ரூனி பெனால்டியில் கோல் அடித்தார். ஆறாவது நிமிடத்தில் வந்த பதில் கோலைக் கொஞ்சம் பிரித்துப் பார். கேப்டன் ஆரோன் குன்னார்சன் பக்கக் கோட்டிலிருந்து பெனால்டி பெட்டிக்குள் நேராக எறிகிறார். காரி ஆர்னசன் தலையால் பின்னோக்கித் தட்டிவிடுகிறார். பின்னாலிருந்து ஓடிவந்த ராக்னர் சிகுர்ட்சன் உதைக்கிறார். த்ரோ-இன்னை நேரடியாக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. அதனால் எங்கே வேண்டுமானாலும் ஆளை நிறுத்தலாம். ஆரோன் சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடியவர், அந்தத் தோள் இங்கே வேலை செய்தது. இங்கிலாந்து இது வரும் என்று தெரியாமல் ஏமாறவில்லை; தட்டிவிட்ட பந்தின் பின்னால் ஓடியவனைப் பிடிக்க ஆளில்லாமல் ஏமாந்தது. 18ஆவது நிமிடத்தில் கோல்பெய்ன் அடித்ததைக் கோல்கீப்பர் ஹார்ட் கையில் பட்டும் விட்டுவிட்டார். 2-1. அன்றிரவே இங்கிலாந்தின் பயிற்சியாளர் ராய் ஹாட்ஜ்சன் விலகினார்.

காலிறுதியில் பிரான்சிடம் 5-2, இடைவேளையிலேயே 4-0. காரணம் தெளிவு: ஐந்து ஆட்டத்துக்கும் அதே பதினொரு பேர்தான் தொடக்க அணி. ஒருவரோடு ஒருவர் பழகிய நாலு-நாலு-இரண்டு அமைப்பில் அதுவே பலம். மூன்று வாரம் போனதும் அதுவே கால்களைக் கட்டிவிட்டது. மாற்ற ஆளும் இல்லை. ஸ்வீடன்காரர் லாகர்பேக்கும் வெஸ்ட்மன் தீவுகளின் பல் மருத்துவர் ஹெய்மிரும் சேர்ந்து பயிற்சி கொடுத்த அணி அது. (கால்நடை மருத்துவர் அரசை நடத்த, பல் மருத்துவர் அணியை நடத்தினார்.) ரசிகர்கள் ஒன்றாகக் கைதட்டி 'ஹூ' என்று முழங்குவது வைக்கிங் காலத்தது அல்ல, 2014இல் ஸ்காட்லாந்தின் மதர்வெல் ரசிகர்களிடமிருந்து தொற்றியது என்கிறார்கள்.

ரியோ ஒலிம்பிக்ஸுக்கு எட்டுப் பேர் போனார்கள், பதக்கம் இல்லை.

அக்டோபர் 24, பிற்பகல் 2:38க்குப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த நேரம் ஏன் என்று கேட்பாய். ஒன்பது முதல் ஐந்து மணி வரை எட்டு மணி நேரம். பெண்களின் சராசரி வருமானம் ஆண்களுடையதில் ஏறத்தாழ 70 சதவீதம். அப்படியானால் 5 மணி 38 நிமிடத்தில் அவர்களுடைய கூலி தீர்ந்துவிடுகிறது. 2005இல் இதே போராட்டம் 2:08க்கு நடந்தது. பதினொரு ஆண்டில் முப்பது நிமிடம். இந்த நடையில் ஐந்து மணியைத் தொட 2068 ஆகும்.

ஐந்து நாள் கழித்துப் பொதுத்தேர்தல். மொத்தம் 63 இடங்கள், ஆறு தொகுதிகள். 54 இடங்கள் தொகுதி வாக்குகளால் நிரம்பும். மீதி ஒன்பது, நாடு தழுவி 5 சதவீதம் தாண்டிய கட்சிகளுக்குச் சமன் செய்யத் தரப்படும். ஏப்ரலில் கருத்துக்கணிப்பில் 40 சதவீதத்தைத் தாண்டிய, பழைய கட்சிகளுக்கு எதிராகக் கிளம்பிய பைரேட் கட்சி 14.5 சதவீதத்தோடு 10 இடத்தில் நின்றது. கோபத்தைக் கருத்துக்கணிப்பில் காட்டுவது எளிது. அக்டோபர் குளிரில் வரிசையில் நிற்பது வேறு. வாக்குப்பதிவு 79.2 சதவீதம், 1944இல் நாடு குடியரசான பிறகு மிகக் குறைவு. சிக்முண்டுரின் கட்சி 19இலிருந்து 8க்குச் சரிந்தது. ஆனால் அதனோடு கூட்டணியில் இருந்த சுதந்திரக் கட்சி 19இலிருந்து 21க்கு ஏறியது! அதன் தலைவர் பியார்னியின் பெயரும் பனாமா ஆவணங்களில் இருந்தது.

ஆட்சிக்கு 32 வேண்டும். பழைய கூட்டணிக்கு 29, எதிர்க்கட்சிகள் நான்குக்கும் சேர்த்து 27. நடுவில் ஏழு இடங்களோடு புதிய விதிரைஸ்ன் கட்சி. இடது-பசுமைக் கட்சித் தலைவர் கத்ரினும் பைரேட் கட்சியின் பிர்கிட்டாவும் முயன்ற ஐந்து கட்சிப் பேச்சு உடைந்தது. கடைசியில் இந்த மாதம் 11ஆம் தேதி பியார்னி பிரதமரானார்: தன் கட்சியின் 21, விதிரைஸ்னின் 7, எதிர்க்கட்சிகளில் ஒன்றான பிரைட் ஃபியூச்சரின் 4, சரியாக 32. விதிரைஸ்ன் தலைவர் பெனடிக்ட் அவருக்கு உறவினர் என்பதையும் சேர்த்துக்கொள். வெளிநாட்டுச் சொத்துகள் பற்றிய அரசு அறிக்கை, தேர்தலுக்கு முன்பே பியார்னியின் நிதி அமைச்சகத்தில் இருந்தது. வெளியானது ஜனவரி 6இல். ஏப்ரலின் அத்தனை முட்டைக்கும் இதுதான் பலன்.

புத்தகம் பற்றி நீ கேட்காமல் விடமாட்டாய். நவம்பரில் 'போகாதிதிந்தி' என்ற புத்தகப் பட்டியல் இலவசமாக வீடு தேடி வரும். டிசம்பர் 24 இரவு கிறிஸ்துமஸ் பரிசாக வந்த புத்தகங்களைப் பிரிப்பார்கள். உலகப் போர்க் காலத்தில் மற்ற இறக்குமதிகளைவிடக் காகிதத்துக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்ததில் தொடங்கிய வழக்கம். சிக்கல் என்னவென்றால் ஆண்டின் விற்பனை பெரும்பாலும் சில வாரங்களில் முடிகிறது. கணிசமான நூல்கள் வெளிநாட்டில் அச்சாகிக் கப்பலில் வருகின்றன. டிசம்பர் நடுவில் தீர்ந்துபோனால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

இப்போது பெரிய தலைவலி மீனவர் வேலைநிறுத்தம். டிசம்பர் 14 முதல் படகுகள் துறைமுகத்தில் கிடக்கின்றன. அவர்களுக்கு மாதச் சம்பளம் அல்ல, பிடித்த மீனின் விலையில் பங்கு. மீன் அந்நியச் செலாவணியில் விற்கிறது. 2016இல் ஏறத்தாழ 18 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்து பணத்தைக் கொட்டியதில் குரோனா சுமார் 18 சதவீதம் வலுத்தது; அதே மீனுக்குக் கையில் வரும் குரோனா குறைந்தது. எண்ணெய்ச் செலவிலும் அவர்கள் பங்கு கழிகிறது. கரையில் மீன் பதப்படுத்துபவர்களுக்கும் வேலை இல்லை.

ஹேண்ட்பால்தான் அவர்களுடைய உண்மையான பைத்தியம். போன ஜனவரியில் ஐரோப்பியப் போட்டியின் குழுச் சுற்றோடு வெளியேறி, பயிற்சியாளரும் போனார். இந்த ஜனவரி உலகக்கோப்பையில் குழுவில் நாலாவதாக வந்து ஒருவழியாகத் தேறியிருக்கிறார்கள். நாளை லீல் நகரில் நாக்-அவுட் ஆட்டம். எதிரணி மறுபடியும் பிரான்ஸ், அதுவும் அவர்கள் மண்ணிலேயே.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்