குளத்தில் விடும் மீன்குஞ்சுகள் பிழைக்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனைக் கூட்டிக்கொண்டு, தூண்டிலும் அரை இறாத்தல் பாணுமாகத் தியவன்னா ஓயாப் பக்கம் போவது என் வழக்கம். அண்மையில் கொழும்புக்கு வெளியே ஒரு குளத்தில் மீன்குஞ்சு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனுக்குக் காட்ட ஆசையாகப் போனேன்.

காலை 9 மணி என்றார்கள். பிரமுகர்கள் வந்து சேர நண்பகலும் கடந்துவிட்டது. அதுவரை ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகள் லொறியில், வெயிலிலேயே கிடந்தன. பிறகு பைகளைக் கிழித்து அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார்கள். படம் எடுத்தார்கள், போனார்கள். சற்று நேரத்தில் கரையோரம் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் மிதந்து வந்தன. எண்ணத் தொடங்கிய பேரன் நூறைத் தாண்டியதும், "போவோம் தாத்தா" என்றான்.

குஞ்சு பொரிப்பகமொன்றில் 27 வருடம் வேலை செய்தவன் நான். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் நம் குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால் தாய்மீனுக்கு ஊசி போட்டுத்தான் முட்டையிட வைப்போம். அந்த இரவில் யாருக்கும் தூக்கம் இல்லை. முட்டை பொரிக்கப் பதினைந்து, பதினெட்டு மணித்தியாலம். மூன்று நாளில் குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சட்கரு தீர்ந்துவிடும். பிறகு அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்து ஊட்டுவோம். விரல் நீளத்துக்கு வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். அன்று விட்டவை நகத்தளவுகூட இல்லை. விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் அது ஒரு வாய்க்குக் காணாது.

1952இல் இங்கு கொண்டுவந்த திலாப்பியா வேறு வகை. முட்டையை வாயில் வைத்துக் காத்துத் தானே பெருகிக்கொள்ளும். என் பேரனின் பாணுக்கு மாட்டுவதும் அதுதான். கெண்டைகளுக்கு நாம்தான் துணை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. குளத்திலேயே வலைக்கூடு கட்டி, குஞ்சு விரல் நீளம் வரும்வரை வளர்த்துத் திறந்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் விடுங்கள். பையின் கட்டை அவிழ்க்காமல் அதைக் கால் மணித்தியாலம் குளத்தில் மிதக்க வையுங்கள். பின்பு குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் குஞ்சுகள் தாமே நீந்திப் போகும்.

இன்னொன்று, வாசகர்களிடம். வீட்டுத் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்ட கத்தி மீனைத் தயவுசெய்து ஓயாவில் கொண்டுபோய் விடாதீர்கள். அது சின்ன மீன்களைத் தின்று வாழ்வது.

அடுத்த முறை நாள் குறிக்கும்போது பத்திரிகையில் அறிவியுங்கள். முழங்கால் தண்ணீரில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க நான் வருகிறேன்.

ஓய்வுபெற்ற பொரிப்பக ஊழியர்,
கொம்பனித்தெரு, கொழும்பு 2