நான்கு ஆண்டுகள் தலையில் சுமந்த கேமரா

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தீர்ந்து நீ மீண்டும் சைக்கிளில் ஏறிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. போகும் வழியைப் படம்பிடிக்க ஓர் ஆக்‌ஷன் கேமரா வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் அதை வாங்கிய முதல் மாதத்தில் நீ கேட்டிருந்தால், உடனே வாங்கு என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன். நான்கு ஆண்டுகள் ஹெல்மெட்டிலும் கைப்பிடியிலும் மார்புப் பட்டையிலும் அதைச் சுமந்து திரிந்த பிறகு, அப்படி எழுதக் கை வரவில்லை. வேண்டாம் என்று எழுதவும் மனம் வரவில்லை.

இரண்டு கைகளும் வேலையாக இருக்கும் மனிதனுக்காகப் பிறந்த கருவி அது என்பதை மட்டும் மறந்துவிடாதே. கோப்ரோ நிறுவனம் 2004-இல் வெளியிட்ட முதல் கேமரா, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 35 மி.மீ. படச்சுருள் கேமரா. அலைமீது சறுக்குகிறவன் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாதே என்பதிலிருந்து தொடங்கிய எண்ணம் அது. சுருள் போய் மெமரி கார்டு வந்துவிட்டாலும் அந்த அடிப்படை மாறவில்லை. கை ஓய்வாக இருக்கும் நேரத்தில், அதாவது நின்று நிதானமாகப் படமெடுக்கிற நேரத்தில், உன் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே பெரும்பாலும் நல்ல படத்தைத் தந்துவிடும்.

இந்தக் கருவியில் நான் இன்றும் வியக்கும் ஒன்று, குலுக்கலை அது விழுங்கிவிடும் விதம். உள்ளே இருக்கும் சிறிய கைரோ உணரி ஒவ்வோர் அசைவையும் அளக்கிறது. அந்த அளவை வைத்து, படத்தின் ஓரங்களில் கொஞ்சம் வெட்டி, காணொளியின் ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது ஒவ்வொரு தனிப்படத்தையும், எதிர்த்திசையில் நகர்த்தி நேராக நிறுத்துகிறது. கல்லும் வேருமாய்க் கிடக்கும் பாதையில் பல் கிட்டிக்க இறங்கிவந்த நாள்களில் எடுத்த படங்களைப் பார்த்தால், யாரோ என்னைப் பல்லக்கில் தூக்கிவந்ததுபோல் இருக்கும். ஆனால் இந்த வித்தை வெளிச்சம் இருக்கும்வரைதான். என்னுடையதில் ஒளியைப் படமாக்கும் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 6 மி.மீ.; அவ்வளவு சின்னப் பரப்பில் விழும் ஒளி அந்தி சாய்ந்ததும் போதாமல் போக, கேமரா ஒளியை உள்ளே விடும் தன் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கிறது. நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால் ஒரு சட்டகத்துக்கு 1/30 நொடிவரை திறந்திருக்கலாம். அந்த இடைவெளிக்குள் நேர்ந்த குலுக்கல் சட்டகத்துக்குள்ளேயே இழுவலாகப் பதிந்துவிடுகிறது. சட்டகங்களை நேராக நிறுத்தத் தெரிந்த மென்பொருளுக்கு, உள்ளே பதிந்த இழுவலைத் துடைக்கத் தெரியாது. ஆகவே பாதை அசையாமல் நிற்க, விளக்குகள் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும் விசித்திரமான படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. நீ விடியுமுன் கிளம்புகிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அகன்ற கோண லென்ஸைப் பற்றியும் ஒரு புகார் உண்டு. வேகத்தை அது கூட்டிக் காட்டும். செங்குத்தைக் குறைத்துக் காட்டும். மூச்சு வாங்க ஏறிய ஏற்றமெல்லாம் திரையில் சமவெளியாகத் தெரியும்போது, பட்ட பாட்டுக்குச் சாட்சியே இல்லாமல் போய்விட்டதே என்று எரிச்சல் வரும். குவியமும் நிலையானது என்பதால், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பூவையோ பூச்சியையோ எடுக்க நினைத்தால் மங்கலாகத்தான் கிடைக்கும்.

உண்மையில் என்னைச் சோதித்தவை பேட்டரியும் சூடும்தான். புதிதாக இருந்தபோது 4கே என்னும் உயர் தெளிவுத் தரத்தில் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி ஓடிய பேட்டரி, இப்போது நாற்பது நிமிடத்தில் மூச்சை விட்டுவிடுகிறது. குளிரில் உள்ளிருக்கும் வேதிவினை மந்தமாகிவிடுவதால் இன்னும் குறையும். மாற்று பேட்டரியை உடம்பின் சூடு படும்படி உட்பையில் வைத்துக்கொள்ளப் பழகினேன். வெயிலில் கதை வேறு. வண்டி ஓடும்வரை எதிர்க்காற்று கேமராவைக் குளிர்விக்கும். எங்காவது நிறுத்திவைத்துத் தொடர்ந்து பதிவு செய்தால், கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறித் தானே அணைந்துவிடும். ஓராண்டுக்கு முன் ஒரு பேட்டரி வீங்கி அறைக்குள் சிக்கிக்கொண்டது. கத்தி முனையால் நெம்பலாமா என்று யோசித்தேன். லித்தியம் பேட்டரியின் உறை கிழிந்தால் தீப்பற்றிக்கொள்ளும் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்து எடுத்தேன். அன்றுமுதல் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளே விட்டுவைப்பதில்லை. பாதி அளவில் கழற்றித் தனியே வைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தாய். மழைக்கு அஞ்ச வேண்டாம். மேலுறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்று என் கேமராவோடு வந்த குறிப்பேடு சொல்கிறது. ஆனால் அந்தத் தாங்குதிறன் முழுவதும் பக்கக் கதவின் மெல்லிய ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அதில் ஒரு முடியோ மணல் துகளோ சிக்கினாலே நீர் உள்ளே போக வழி கிடைத்துவிடும். கடல்நீர் பட்டால், கதவைத் திறக்குமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவு. ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது, பொத்தானை நம்பு. ஒலி சுமார்தான். வேகம் கூடினால் மைக்கில் காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்காது. பஞ்சு உறை போட்டால் சிறிது அடங்கும்.

எந்த விமர்சனமும் எனக்குச் சொல்லித்தராத சுமை ஒன்று வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிறது. என் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதுகிறது; எட்டு பிட் ஒரு பைட் என்று கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் வி30 குறியிட்ட கார்டு வேண்டும் என்பதை, மலிவான கார்டு ஒன்று நல்ல இறக்கத்தின் நடுவில் பதிவை நிறுத்திய பிறகுதான் தெரிந்துகொண்டேன். எச்.265 முறையில் சுருக்கப்பட்ட கோப்புகளை என் பழைய கணினி திக்கித் திக்கித்தான் ஓட்டியது. அதைவிடப் பெரிய தொல்லை, பார்ப்பதற்கு நேரமில்லாதது. மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டியவன் அதை மறுபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பானா? முதல் இரண்டு ஆண்டுகளில் எடுத்தவற்றில் பாதியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு வளைவு, ஒரு இறக்கம், பாலத்தைக் கடக்கும் ஒரு நிமிடம் என்று துண்டு துண்டாகவே எடுக்கிறேன். பேட்டரி, சூடு, கார்டு ஆகிய மூன்று தொல்லைகளும் அதனாலேயே பாதியாகக் குறைந்துவிட்டன.

உனக்கு என் யோசனை இதுதான். பகலில் ஓட்டி, கரடான பாதையில் இறங்கி, அவ்வப்போது நனையவும் செய்வாய் என்றால் வாங்கு. அப்படி வாங்கினால் கூடுதலாக இரண்டு பேட்டரிகளும் நல்ல கார்டு ஒன்றும் சேர்த்தே வாங்கிவிடு. ஹெல்மெட்டில் ஒட்டும் மவுண்டை ஒட்டியபின் ஒரு நாள் அப்படியே விட்டுவைத்து, அதற்குப் பிறகே கேமராவைப் பொருத்து. அவசரப்பட்டு நான் ஒன்றைச் சாலையில் தவறவிட்டிருக்கிறேன். விடியற்கால இருட்டுதான் உனக்கு வேண்டுமென்றால், இன்னும் பெரிய சென்சார் உள்ள வேறு கேமராவைத் தேடு.

முடிவெடுக்கு முன் என்னுடையதையே இரண்டு வாரம் ஓட்டிப் பார். அடுத்த வாரம் அனுப்பிவைக்கிறேன். கார்டில் இருக்கும் பழைய பதிவுகளை மட்டும் அழித்துவிடாதே. அவற்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

என்றும் அன்புடன்,
உன் பழைய சைக்கிள் கூட்டாளி