0.6 மி.மீ. இதழுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளத்துக்குப் பிறகு செய்த முதல் கிட்டாருக்கு நேற்று ராத்திரி கம்பி ஏற்றிவிட்டேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் என் பட்டறைக்குள் முழங்கால் சேற்றில் நின்றவர்கள்.

சேறு வாரிய தெருப் பிள்ளைகள், ஈட்டி மரப் பலகைகளை மாடிக்கு ஏற்றி, நடுவே குச்சி கொடுத்து அடுக்கி நிழலில் காயவைத்த எதிர்வீட்டு அக்கா, நான்கு நாள் சோறு அனுப்பிய பள்ளிவாசல்காரர்கள், முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்த வாடிக்கையாளர்கள், பலகை ஓரம் தேய்க்க 12 மி.மீ. கண்ணாடித் துண்டை அப்படியே தூக்கிக் கொடுத்த கண்ணாடிக் கடை அண்ணன், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாகப் பின்தெரு சாருக்கு.

மரம் நனைந்தால் காயும். என்னை உடைத்தது ஜிக்குகள்தான், அதாவது அளவு மாறாமல் வெட்டவும் வளைக்கவும் வைத்திருக்கும் அச்சுகள். எல்லாமே எம்டிஎஃப், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. டீயில் நனைத்த பொறை மாதிரி ஊதிப் போயிருந்தன. பக்கச் சட்டம் வளைக்கும் அச்சு, உடல் அச்சு, ஃபிரெட்டுக்கு, அதாவது விரல்பலகையில் பதிக்கும் மெட்டுக் கம்பிக்கு, இடம் வெட்டும் டெம்ப்ளேட், எதிலும் ஒரு நேர்க்கோடு மிச்சமில்லை. வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கும், காதுக்குச் சரியாகும்வரை நகர்த்திப் பார்க்கலாம். கிட்டாரில் ரம்பம் இறங்கிய இடம் இறங்கியதுதான். டெம்ப்ளேட் இல்லாமல் எனக்குத் தொழிலே இல்லை.

சார், நீங்கள் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கத்தான் வந்தீர்கள். ஊதிக் கிடந்த பட்டையைக் கையில் எடுத்து, “இது என்ன ஃபிக்ஸ்சர் தம்பி?” என்றீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல்ரூமில் இருந்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கிட்டாரை நீங்கள் தொட்டதே இல்லை. நான் விளக்கியதும் ஒரே கேள்வி கேட்டீர்கள்: “எல்லா அளவும் எங்கிருந்து எடுத்தே?”

ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்த ஃபிரெட்டுக்கு என்றேன்.

“ஒவ்வொன்றிலும் 0.1 தப்பினாலே 19-வதுக்குப் போகும்போது கிட்டத்தட்ட 2 மி.மீ. சேர்ந்துடுமே. ஜீரோவிலிருந்து எடு.”

அன்று ராத்திரியே நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தாங்கும் கட்டையிலிருந்து, கணக்குப் போட்டேன். கம்பி நீளம் 650 மி.மீ. மிச்ச நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்து, வருவதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 36.48, 70.92, 103.42 என்று தொடங்கி, 12-வதில் சரிபாதி 325, கடைசியாக 433.09. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு முழத்துக்குச் சற்று நீளமான அலுமினியப் பட்டையோடு வாசலில் நின்றீர்கள். பழைய நண்பர் பட்டறையில் மில்லிங் மெஷினில் போட்டு, மெல்லிய பிளேடால் 19 காடி வெட்டியிருந்தீர்கள். ஓர் ஓரத்தில் பஞ்ச் அடித்த 0, பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

காடியில் உட்கார ஓர் ஆணி வேண்டுமே, ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது என்று நான் தேட ஆரம்பித்தேன். நீங்கள் பையிலிருந்து உங்கள் ஃபீலர் கேஜை, இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இதழ்களின் கொத்தை, எடுத்து, திருகைக் கழற்றி, 0.6 இதழை மட்டும் உருவிக் கொடுத்தீர்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து வைத்திருந்த கேஜ் அது. அப்புறம் திருகை மாட்டி, ஓர் இதழ் குறைந்த கேஜைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்த இதழ் இப்போது ரம்பத்தை நேராக இறக்கும் என் பெட்டியின் அடியில், வெட்டுக் கோட்டுக்கு நேர் கீழே நிற்கிறது. விரல்பலகையின் அடியில் பட்டையை இருபக்க டேப்பால் ஒட்டி, காடியை இதழில் உட்காரவைத்து அறுக்கிறேன். தூக்கி, அடுத்த காடி, அடுத்த வெட்டு. பென்சிலே தேவையில்லை.

அளவுக்கான எந்த ஜிக்கையும் இனி எம்டிஎஃப்பில் செய்யப் போவதில்லை. செய்கிற ஒவ்வொன்றையும் அளவோடு தாளில் வரைந்து வைப்பேன், யார் கேட்டாலும் நகல் கொடுப்பேன். ஞாயிறு மதியங்களில் தெருப் பிள்ளைகள் வந்தால் ஜீரோவிலிருந்து அளக்கக் கற்றுக்கொடுப்பேன். இது சத்தியம்.

சார், இந்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். 12-வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலைப் பட்டும் படாமலும் வைத்து ஒருமுறை மீட்டுகிறேன், அங்கேயே அழுத்தி இன்னொரு முறை மீட்டுகிறேன். நேற்று ராத்திரி ஆறு கம்பியிலும் பார்த்துவிட்டேன், இரண்டும் ஒரே சுருதியில் நிற்கின்றன. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
கொரட்டூர் கிட்டார் பட்டறையிலிருந்து