பெக்கி லீ அம்மையாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெக்கி லீ அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் 2002-லேயே போய்விட்டீர்கள். ஆனாலும் நீங்கள் பாட்டெழுதி, பாடி, குரலும் கொடுத்த டிஸ்னியின் 'லேடி அண்ட் த டிராம்ப்' கார்ட்டூன் படத்தை மறுபடியும் பார்த்து முடித்ததும் உங்களுக்கு எழுதத்தான் தோன்றியது. வால்ட் டிஸ்னிக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

லேடி என்ற வீட்டு நாயும் டிராம்ப் என்ற தெருநாயும் காதலிக்கும், 1955-இல் வந்த இந்தப் படம் என்றாலே எல்லோரும், இரண்டும் ஒரே ஸ்பாகெட்டி இழையைத் தின்று முத்தத்தில் முடியும் காட்சியைத்தான் சொல்வார்கள். அழகான காட்சிதான். டிஸ்னிக்கு அதில் முதலில் நம்பிக்கை இல்லை, ஓவியர் ஃபிராங்க் தாமஸ்தான் வரைந்து காட்டிச் சம்மதிக்க வைத்தார் என்பார்கள். சரி. எனக்கு மட்டும் இந்தக் காதல் சூடு பிடிப்பது நாய்ப்பட்டியில்.

செல்லமாக வளர்ந்த லேடி அங்கே தெருநாய்களோடு அடைபட்டுக் கிடக்கிறாள். சற்று முன்புதான் நட்ஸி என்ற நாயைத் திரும்பி வர முடியாத கதவு வழியாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், நெற்றி மயிர் ஒரு கண்ணை மறைக்க, பெக் என்ற நாய் ஒய்யாரமாக நடந்து வந்து உங்கள் குரலில் பாடுகிறாள். (அவளுக்கு முதலில் மேமி என்று பெயராம். அன்றைய அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் மனைவி பெயரும் அதுவே என்பதால் உங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள்.) டிராம்ப் ஒரு ஊர்சுற்றி, போக்கிரி, ஆனாலும் அவன் பின்னாலேயே போக மனசு துடிக்கிறது என்று பாட்டு. திட்டு எங்கே முடிகிறது, ஏக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாதபடி பாடியிருக்கிறீர்கள். பொறாமை துளியும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் லேடிக்கோ நெஞ்சில் முள். வீடு திரும்பியதும், சமாதானம் பேச எலும்போடு வந்தவனிடம் பழைய காதலிகளின் பெயர்களைச் சொல்லி விளாசுகிறாளே, அந்தக் கோபத்தில்தான் அவள் அவனை எவ்வளவு விரும்புகிறாள் என்று நமக்கே தெரிகிறது.

படத்தில் வரும் சயாமீஸ் பூனைகளின் பாட்டை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. ஆசியர்களின் பேச்சைக் கேலி செய்யும் அந்த உச்சரிப்பு உறுத்துகிறது. நீங்களும் இசையமைப்பாளர் சோனி பர்க்கும் சேர்ந்து எழுதியது, குரலும் உங்களுடையது, அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

வீடியோ கேசட் விற்பனையில் உங்களுக்குரிய பங்கைக் கேட்டு 1988-இல் டிஸ்னி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டீர்கள். 1991-இல் சுமார் 23 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சபாஷ்!

அப்புறம், டிரஸ்டி. மோப்பம் போய்விட்டதென்று ஊரே நினைத்த அந்தக் கிழ நாய், நாய்பிடிப்பவரின் வண்டியில் அடைபட்ட டிராம்பைக் காப்பாற்ற ஓடி, அந்த வண்டிக்கடியில் சிக்குகிறது. கதைப்படி அது அங்கேயே சாக வேண்டியது. குழந்தைகள் தாங்க மாட்டார்கள் என்று டிஸ்னியிடம் மன்றாடிப் பிழைக்க வைத்தவர் நீங்கள். அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று காலில் கட்டோடு வந்து, குட்டிகளிடம் தாத்தா சொன்ன பொன்மொழியை ஆரம்பித்து, அது என்னவென்று மறந்துபோய் விழிக்கும் டிரஸ்டி நமக்குக் கிடைத்தது. பாட்டுகளுக்கு நன்றி. இதற்குத் தனியாக இன்னொரு நன்றி.

அன்புடன்,
உங்கள் ரசிகன்