பாட்டும் பந்தியும்: கொங்கு வட்டாரத் திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும் திருவிழாக் குழுவினருக்கும் வணக்கம்.

ஈரோட்டிலிருந்து புறப்படும் ஓர் இன்னிசைக் குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். பூச்சாட்டி, கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து, பொங்கல் வைத்து, மஞ்சள் நீராட்டுடன் நிறைவு பெறும் உங்கள் ஊர் நோம்பிகளில், அதாவது அம்மன் திருவிழாக்களில், ஓர் இரவு எங்கள் கச்சேரிக்கு உரியது. ஊர் ஊராகக் கிடைக்கும் அந்த ஓர் இரவுகளை நம்பித்தான் எங்கள் குழுவின் பதினான்கு குடும்பங்கள் பிழைக்கின்றன. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவால் பங்குனி, சித்திரை நோம்பிகள் நின்றுபோனபோது, மேடை இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை என்பதை நன்றாகவே உணர்ந்தோம். அதனால் உங்கள் மீதுள்ள நன்றியை மறந்து இந்த மடலை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற பங்குனியில் ஓர் ஊரில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த ஊரைத் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று, அப்படி நடந்த ஊரும் அது ஒன்று மட்டுமன்று. இரவு எட்டரை மணியளவில், சாமி பாட்டுகள் முடிந்து திரைப்பாடல்கள் தொடங்கியிருந்த வேளையில், மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஒரு சாதியின் பெருமை பேசும் பாடலைப் பாடச் சொல்லி எழுதி, அதனோடு ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் குத்தியிருந்தார்கள். சீட்டை மடித்துக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு வேறு பாட்டைத் தொடங்கினேன். இரண்டாம் சீட்டு வந்தது. பிறகு ஆளே வந்தார். "காசு குடுத்துக் கூட்டியாந்திருக்கறோம், கேக்கறதப் பாடோணும்" என்றார். அந்த வகைப் பாடல்களை எங்கள் குழு எந்த ஊரிலும் பாடுவதில்லை என்பதையும், முன்பணம் வாங்கிய அன்றே அதைத் தெரிவித்திருந்தோம் என்பதையும், மைக்கை அணைத்துவிட்டுப் பணிவாகவே அவரிடம் சொன்னேன். கச்சேரியைக் குறைவில்லாமல் நடத்தி முடித்தோம். மீதித் தொகை 18,000 ரூபாயை மட்டும் தரவில்லை.

கேட்கப் போனபோது, என் தகப்பனார் வயதிருக்கும் பெரியவர் ஒருவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "பாட வந்தவங்க பாடிட்டுப் போறதுதானுங்க அம்மணி மொறை. கருத்துச் சொல்றதுக்கு வேற ஆளுங்க இருக்கறாங்க." பணம் வராததைக் காட்டிலும் அந்தச் சொல்தான் இத்தனை மாதமாக என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. பாடகிக்குக் குரல் போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்கென்று சில கருத்துகள் உண்டென்றால், அவை உங்கள் ஊர்களுக்கு வந்துபோன வழியில் கிடைத்தவைதாம். ஒரு வாரம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், உடுமலை என்று போவோம்; அடுத்த வாரம் கோபி, அந்தியூர், சத்தியமங்கலம் என்று திரும்புவோம். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் டிரம்ஸ் உறைகளுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் தலைசாய்த்து உறங்கியே பாதி வயது போயிற்று. உடை மாற்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை திறந்துவிட்டால் அன்று நல்ல நாள். இல்லாவிட்டால் வண்டியின் ஜன்னல்களில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே பட்டுச் சேலையைச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். கழிப்பிடம் இருக்காதே என்ற பயத்தில் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் மேடையேறிப் பாடும் பெண்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குள் மட்டுமே தெரியும். கச்சேரி முடிந்து, வயரைச் சுருட்டி, பெட்டிகளை ஏற்றி, சுக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது நடுநிசி தாண்டியிருக்கும். பல்லடம் பக்கம் வரும்போது அந்த நேரத்திலும் விசைத்தறி ஓடும் சத்தம் கேட்கும். நம்மைப் போலவே தூங்காத ஒரு கூட்டம் இருக்கிறது என்று அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு ஒரு தெம்பு வரும்.

இப்படிப் போன ஊர்களிலெல்லாம் ஒன்றை மட்டும் மாறாமல் கண்டேன். கம்பத்தைச் சுற்றி இரவெல்லாம் இளைஞர்கள் ஆடுகிறார்கள். மூன்று கவையுள்ள கிளையை வெட்டி வந்து அம்மன் முன் நட்டு, மஞ்சளும் வேப்பிலையும் சாத்தி, பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் அந்தக் கம்பத்தின் முன் ஆடுகிறவர்களின் கால்களை நகர்த்துவது பறையடிதான். பறை நின்றால் ஆட்டம் நிற்கும். பதினைந்து நாளும் கை காய்க்க அடித்தவர்களுக்கு, பொங்கலன்று பந்தி முடிந்த பிறகு, கோயில் மதிலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் இலை விழுகிறது. வெளியூரிலிருந்து வரும் எங்களையோ உள்ளே உட்கார வைத்து, "இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்திக்குங்க" என்று உபசரிக்கிறார்கள். அவர்களும் நாங்களும் ஒரே நோம்பிக்கு வாசிக்க வந்தவர்கள். பல ஆண்டுகள் இதைக் கண்டும் காணாததுபோல் உண்டு எழுந்திருக்கிறேன்.

அதைவிட எனக்கு வலி தருவது மற்றொன்று. எட்டு ஆண்டுகள் அந்தச் சாதிப் பெருமைப் பாடல்களை நானே பாடியிருக்கிறேன். சீட்டு வரும், அன்பளிப்பும் வரும், கூட்டத்தின் முன்வரிசை எழுந்து ஆடும். பாடுகிறவளுக்கு அது வெற்றி என்றே தோன்றும். ஓர் இரவு அப்படிப் பாடிக்கொண்டிருக்கும்போது, மைதானத்தின் கடைசியில், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சில பெண்களைப் பார்த்தேன். பாட்டின் முதல் அடி விழுந்ததுமே அவர்களில் ஒரு மூதாட்டி, மடியில் தூங்கிப்போயிருந்த பேரனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தரையில் விரித்திருந்த சாக்கை உதறி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அவர்கள் முகத்தில் கோபமில்லை. மழை வரப்போகிறது என்று தெரிந்தவர்கள் எழுவது போல எழுந்தார்கள். அன்றிரவு மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அவர்களும் அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தவர்கள்தாம், கச்சேரி கேட்க ஆசைப்பட்டு வந்தவர்கள்தாம். என் குரல் அவர்களை வீட்டுக்கு விரட்டியது. அதன் பிறகு அந்தப் பாடல்களை நான் பாடவில்லை.

பாட வந்தவர்கள் கருத்துச் சொல்லலாகாது என்பது நம் மண்ணின் முறையும் அன்று. உங்கள் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் முதலில் கேட்கும் குரல் பெரும்பாலும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுடையதாகவே இருக்கும். காவிரிக்கரையில் 1908இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக நாடக மேடையேறி, ஊர் ஊராகவும் கடல் கடந்து இலங்கைக்கும் போய்ப் பாடியவர் அவர். எங்களைப் போலப் பயணத்திலேயே வாழ்ந்தவர். கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவை 1933இல் இழந்தபின் வெள்ளைக் கதரை உடுத்திக்கொண்டு, தேசியப் பாடல்களைப் பாடி, காங்கிரஸ் மேடைகளில் ஊர் ஊராக நின்றவர். பிற்காலத்தில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். பாடிவிட்டுப் போவதுதான் முறை என்று யாரேனும் அவரிடம் சொல்லி, அவரும் அதைக் கேட்டிருந்தால், இன்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கொடுமுடிக் கோகிலம் பாதியாகத்தான் கிடைத்திருப்பார். அவருடைய முருகன் பாட்டை ஏற்றுக்கொண்ட ஊர்கள் அவருடைய கொள்கையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டன.

அவர் காலத்து மேடைக் கலைஞரே சிவகாசி விசுவநாததாஸ். வெள்ளையராட்சியை எதிர்த்து மேடையில் பாடியதற்காகப் பலமுறை கைதானவர். முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்தில் பிறந்தார் என்ற ஒரே காரணத்தால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை மேடையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அவரோடு மேடையேற மறுத்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. பறை அடிப்பவரோடு ஒரே பந்தியில் அமர்வதா என்று இன்றைக்கும் தயங்குகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

இதற்கு உங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டென்பதை மறுக்கவில்லை. வீடு வீடாகத் தலைக்கட்டு வரி வசூலித்து, கணக்கெழுதி, இரவு பகலாக அலைந்து நோம்பி நடத்துகிறவர்கள் நீங்கள். ஊரார் கேட்கும் பாட்டை வந்தவர்கள் பாட வேண்டாமா என்று கேட்கிறீர்கள். பாடுகிறோம். எந்தச் சாமி பாட்டை முதலில் பாடுவது, எந்த நடிகரின் படப்பாட்டு வேண்டும், பழைய பாட்டா புதிய பாட்டா, எல்லாம் உங்கள் விருப்பம். தொண்டை கட்டியிருந்தாலும் மிளகைக் கடித்துக்கொண்டு பாடுகிறோம். ஆனால் அந்த வரியைத் தெற்குத் தெருவும் கொடுத்திருக்கிறது, தலித் மக்கள் வாழும் காலனியும் கொடுத்த ஊர்கள் உண்டு. கொடுத்தவர்களில் ஒரு பகுதியை எழுந்துபோகச் செய்யும் பாட்டை ஊர்ப் பணத்தில் பாட வைப்பது ஊருக்கே செய்யும் தவறல்லவா? காலனியிடம் வரியே வாங்குவதில்லை என்று சொல்லும் ஊர்களும் இருக்கின்றன. அதன் பொருள் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி அளிக்கும்போதெல்லாம், எந்தச் சாதியையும் மதத்தையும் கட்சியையும் தலைவரையும் தூக்கிப்பிடிக்கும் பாடலோ ஆடலோ கூடாது, ஆபாசம் கூடாது என்ற நிபந்தனைகளை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப விதித்திருக்கிறது. காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியிலும் அவை இடம்பெறுகின்றன. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் விதியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தாளில் உள்ள மற்ற நிபந்தனைகளையும் ஒருமுறை குழுக் கூட்டத்தில் படித்துக்காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டு கொடுக்கும் இளைஞர்களுக்கு அதை நீங்கள் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்; மேடையில் நின்றுகொண்டு ஒரு பெண் சொன்னால் அது சண்டையாகிவிடுகிறது.

எங்கள் தரப்பில் நாங்கள் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறோம். வெற்றிலை பாக்கு மாற்றி முன்பணம் வாங்கும் நாளிலேயே எதைப் பாடுவோம், எதைப் பாட மாட்டோம் என்று எழுதிய தாள் ஒன்றை இனி உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். அதில் பறைக் கலைஞர்களோடு ஒரே பந்தியில்தான் எங்கள் குழு உண்ணும் என்றும் எழுதியிருக்கும். உடன்பாடில்லை என்றால் தாராளமாக வேறு குழுவை அழைத்துக்கொள்ளுங்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. சம்மதித்து அழைத்துவிட்டு, கச்சேரி முடிந்த பின் கூலியை நிறுத்தாதீர்கள். வரும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கழிப்பிடமும் ஏற்பாடு செய்து வையுங்கள்.

பந்தி பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில், உள்ளே போடப்பட்ட இலையிலிருந்து எழுந்து, வேப்ப மரத்தடிக்குப் போய்ப் பறைக் கலைஞர்களோடு உட்கார்ந்தேன். அவர்களில் மூத்தவர் பதறிப்போய், "உங்களுக்கு எதுக்குங்க அம்மணி இந்தப் பொல்லாப்பு, நாங்க எப்பவும் போல இங்கயே உண்டுக்கறோம்" என்றார். வார் பிடித்துக் கறுத்த அவருடைய விரல்கள் இலையில் தண்ணீர் தெளிக்கும்போது நடுங்கின. சிறிது நேரத்தில், உள்ளே பரிமாறிக்கொண்டிருந்த குழுத் தலைவரின் மனைவி யாரையும் கேட்காமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் தம் கையாலேயே ஊற்றினார். மறு ஆண்டு நாங்கள் போனபோது அங்கே ஒரே பந்திதான். யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த அம்மையாரைப் போன்றவர்கள் உங்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பங்குனியில் எங்களை அழைத்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். மீதித் தொகையில் எனக்குரிய பங்கு வேண்டாம். தபேலா வாசிப்பவருக்கும், பேட் வாசிப்பவருக்கும், சவுண்ட் பையன்களுக்கும் சேர வேண்டியதை மட்டும் ஆடி பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பூச்சாட்டுக்கு முன்னால் ஆளனுப்பினால், தாளோடு வருகிறோம். முதல் பாட்டு உங்கள் அம்மனுக்குத்தான்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு மேடைப் பாடகி