அரிதா, ஆபத்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஹார்மோன் கோளாறுகள் பற்றிய கட்டுரையில் அடிசன் நோய்க்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது: மிக அரிது, உயிருக்கு ஆபத்தானது. அதைப் படித்துவிட்டு என் தங்கை, "அக்கா, நான் அரிதா, ஆபத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த நோய் இருக்கிறது: சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்காமல் போய்விடும். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனாலும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரிதுதான். ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு 100 முதல் 140 பேர் என்கிறார்கள். அந்த விகிதத்தை 2011 கணக்கெடுப்பின் 7.2 கோடித் தமிழ்நாட்டு மக்களுக்குப் போட்டுப் பார்த்தால் ஏழாயிரம் பேருக்கு மேல் வருகிறது. இங்கே காசநோயும் அட்ரீனல் சுரப்பியை அரித்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாமலும் போகலாம். இந்த நோயில் தோல் கறுக்கும். அப்படிக் கறுத்தவர்களில் எத்தனை பேரை "வெயிலில் கறுத்துவிட்டாள்" என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருக்கிறோமோ!

நாங்கள் அப்படித்தான் இரண்டு வருடம் வைத்திருந்தோம். உள்ளங்கை ரேகையும் பல் ஈறும் கறுத்தன. அங்கே எங்கே வெயில் படும்? ஒருவருக்கும் உறைக்கவில்லை. தயிர்சாதத்தைவிட ஊறுகாய்தான் அதிகம் சாப்பிடுவாள், உப்பை வெறுமனே நக்குவாள். உடம்பு மெலிந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. ஒருநாள் வாந்தி நிற்கவில்லை. போன ஆஸ்பத்திரியில் கேஸ் டிரபிள் என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மயங்கி விழுந்தாள். வேறு இடத்தில் ஓர் இளம் டாக்டர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவு வரும்வரை காத்திருக்காமல், கார்ட்டிசாலையே மருந்தாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார். சாயங்காலம் இட்லி கேட்டாள்.

இனி ஆபத்து. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-ல் இதை விவரித்தபோது மருந்தே கிடையாது, வந்தவர்கள் இறந்தார்கள். கார்ட்டிசோன் மருந்து வந்ததும் கதை மாறியது. 1947-ல் இந்த நோய் இருப்பது தெரிந்த ஜான் கென்னடி 1961-ல் அமெரிக்க அதிபரானார். இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன் என்று வரும்போதுதான் சிக்கல். நம் உடம்பு அப்போது தானாகக் கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும், இவர்களுக்கு அது நடக்காது. மாத்திரையைக் கூட்டித்தான் போட வேண்டும், வாந்தி எடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஜெர்மனியில், நோயைப் பற்றி நன்றாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட நோயாளிகளையே தொடர்ந்து கவனித்ததில், 100 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 முறை, கார்ட்டிசால் பற்றாமல் உயிருக்கே ஆபத்தாகும் நெருக்கடி வந்தது. ஆண்டுக்கு 200 நோயாளிகளில் ஒருவர் என்ற அளவில் இறப்பும் இருந்தது.

அப்புறம், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். சுரப்பி தூங்கிப் போயிருக்கும். அவர்கள் அரிதானவர்களே அல்ல, தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

தங்கையின் பர்ஸில் ஓர் அட்டை இருக்கிறது: "எனக்கு அட்ரீனல் குறைபாடு. வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டு, சலைன் ஏற்றவும்." உங்கள் ஒரு வரிக்குப் பதிலாக இதைப் போட்டிருக்கலாம்.

வாசகி, கும்பகோணம்