பரணிலிருந்து இறங்கிய லேப்டாப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. புது லேப்டாப் ஒன்றை மாதத் தவணையில் எடுத்து அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய் அல்லவா, அதை நிறுத்திவிடு. வண்டித் தவணை, ரூம் அட்வான்ஸுக்கு வாங்கிய கடன் என்று உன் தலையில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மூன்றாவது எனக்காக வேண்டாம். நீ பிளஸ் டூ படிக்கும்போது ஸ்கூலில் கொடுத்த அரசு லேப்டாப்பில்தான் இந்தக் கடிதத்தை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதே. 2023 மிக்ஜாம் மழையின்போது பரண்மேல் ஏற்றினோம், அப்புறம் இறக்கவே இல்லை. போன மாதம்தான் இறக்கி ஆன் செய்தேன். உன் அம்மா அரிசி களைந்து போட்டு, வடித்துவிட்டு வந்தாள்; அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார். 34 வருஷம் பெரம்பூர் ரயில்வே கேரேஜில் ஃபிட்டராக இருந்த எனக்கு அது ஒப்பவில்லை. ரயில் பெட்டி நகர முரண்டு பிடித்தால் எந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். பெட்டியையே கழித்துவிட மாட்டோம்.

எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை உன் தம்பி திறந்து காட்டினான். ப்ராசஸர் 20 சதவீதம்கூட வேலை செய்யவில்லை, ஃபைல்களை வைத்திருக்கும் டிஸ்க் மட்டும் 100லேயே நின்றது. சரி, பிரேக் பிடித்த சக்கரம் இதுதான். உள்ளே இருந்தது நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் அதன் ஊசி அங்கும் இங்கும் ஓடித் தேட வேண்டும். நடக்கிற வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராமோ வெறும் 2 ஜிபி. அது நிரம்பியதும் மிச்சத்தையும் அதே டிஸ்கில்தான் கொண்டுபோய் எழுதும். மூச்சு வாங்குகிறவன் தலையில் இன்னொரு மூட்டை! இலவசம் என்று 2016ல் விண்டோஸ் 10க்கு மாற்றினோமே, அன்றைக்குப் பிடித்தது சனி.

வெள்ளிக்கிழமை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 1,900 ரூபாய் ஆனது. இதற்குள் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை, எல்லாம் சிப். பழைய டிஸ்க் இருந்த இடத்தில் அதே நான்கு ஸ்க்ரூவில் உட்கார்ந்துகொண்டது. ராம் வாங்கத்தான் கொஞ்சம் உஷார் வேண்டும். அதனால் பழைய ராமைக் கழற்றிச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ராமின் தலைமுறைகள். டிடிஆர்3 லேப்டாப்பில் டிடிஆர்4 ராம் நுழையவே நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. குறைந்த வோல்ட் ராமில் பிசி3எல் என்று எழுதியிருக்கும். சில மாடல்களில் அந்த 'எல்' இல்லாத ராமைப் போட்டால் லேப்டாப் கண்ணே திறக்காது. நான் எல் போட்டதாகவே பார்த்து, செகண்ட் ஹேண்டில் 4 ஜிபி ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் அதைச் செருகினோம். மொத்தம் 6 ஜிபி ஆயிற்று.

கூடவே ப்ராசஸரின் சூட்டைக் கடத்த 120 ரூபாய்க்குத் தெர்மல் பேஸ்ட், 30 ரூபாய்க்குக் காசு மாதிரி ஒரு பேட்டரி செல். அந்தச் செல் செத்துப்போனால் தேதி பத்து வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் பக்கமெல்லாம் திறக்காது. ஃபேனைத் திறந்தால் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், பிழைக்கத் தெரிந்தது! நம்ம ஊர்க் கடல் காற்றில் ராமின் பித்தளை நிறப் பல்லெல்லாம் மங்கியிருந்தது. உன் தம்பியின் ரப்பரால் துடைத்தேன்.

ஆகமொத்தம் 2,650 ரூபாய்.

விண்டோஸ் 10க்கு இனி வழக்கமான அப்டேட் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு கையை விரித்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் கேட்கிறார்கள், இது அதற்கெல்லாம் அண்ணன். அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான வகை. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, சத்தம் எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஏற்றினோம். ஒரு விஷயம் தெரியுமா? இந்த லேப்டாப் வந்தபோதே பாஸ் என்று ஒரு லினக்ஸ் உள்ளே இருந்தது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நம்ம சென்னையிலேயே உருவாக்கியது. நாம் ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அரை நிமிஷத்தில் எழுந்துகொள்கிறது. தமிழ்99 என்கிற தமிழ் கீபோர்டு முறையில் தெருக்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். ராத்திரியில் யூடியூபில் கேரம் ஆட்டம். படத் தரத்தை 480ல் வைத்தால் திக்காமல் ஓடுகிறது, 1080க்கு ஏற்றினால் ஃபேன் அலறுகிறது. உன் அம்மாவைப் போலப் பத்துப் பக்கங்களை ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் தாங்காது. பேட்டரியும் மாற்றவில்லை, எஸ்எஸ்டி விலையை அதற்கும் கேட்டார்கள், ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்றும் தெரியவில்லை. வயர் போட்டேதான் ஓட்டுகிறேன். கரன்ட் போனால் உடனே படுத்துவிடும், அதனால் பத்து வரிக்கு ஒரு தரம் சேவ் செய்கிறேன். இந்தக் கடிதம் நடுவில் ஒருமுறை போய்த்தான் வந்தது.

உன் தோழி அவளுடைய லேப்டாப்பைத் தூக்கிப் போடப் போவதாகச் சொன்னாயே, முதலில் அந்த டிஸ்க் சதவீதத்தைப் பார்க்கச் சொல். டிஸ்க் சும்மா இருந்து ப்ராசஸர் 100ல் நின்றால் செலவு செய்ய வேண்டாம், அது வேறு கேஸ்.

பழைய ஹார்ட் டிஸ்கில் பேட் செக்டார், அதாவது படிக்க முடியாத கெட்ட இடம், விழ ஆரம்பித்திருந்தது. அதில் இருந்ததையெல்லாம் பென்டிரைவுக்கு ஏற்றிவிட்டேன். 'காலேஜ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நான் திறக்கவில்லை, உன் அம்மாவையும் திறக்கவிடவில்லை. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
நைனா